பிள்ளைகளை எண்ணினால் கண் படாது

மாலையின் கனத்தில் கழுத்தே மறைந்துபோய் வீற்றிருக்கும் மதிப்புமிகு அவைத்தலைவர் அவர்களே. மாவட்டப் பள்ளிப் பேருந்துப் பாதுகாப்புக் குழுவின் மாண்பார்ந்த அதிகாரிகளே. பாடத்தோடு பண்பையும் சேர்த்துப் பயிற்றும் தலைமையாசிரியப் பெருமக்களே. கோழி கூவுமுன் எழுந்து, கம்பத்துக்குக் கம்பம், ஊருக்கு ஊர் நின்று, நம் கண்மணிகளைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் சேர்க்கும் பேருந்து ஓட்டுநர்களே. சோறு கட்டி, சடை பின்னி, ஒற்றைச் சப்பாத்தைத் தேடித் தேடியே பாதி ஆயுளைத் தொலைத்த தாய்மார்களே. பின்வரிசையில் அமர்ந்து, சாப்பாடு எப்போது என்று பக்கத்து நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் அருமை அங்கிள்மார்களே: அனைவருக்கும் என் அன்பான வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். செலாமாட் பாகி.

அங்கிள், சாப்பாடு வந்துவிட்டது. பிரியாணி அண்டா பின்வாசலில் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மேடையே ஏறினேன். ஆனால் நான் பேசி முடித்த பிறகுதான் மூடியைத் திறக்கவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே யாரும் எழுந்து போக முடியாது.

என் பெயர் மாதவி. கிள்ளானில் நானும் என் வீட்டுக்காரரும் டயர் கடை நடத்துகிறோம். கிள்ளான் மருதம் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி என்பது என் இரண்டாவது உத்தியோகம். அதற்குச் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடும். என் வீட்டுக்காரர் அதோ நான்காவது வரிசையில் இருக்கிறார். இப்போதே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். நான் இன்னும் தொடங்கவே இல்லை.

சற்றுமுன் இந்த மேடையில் என்ன நடந்தது? ஓராண்டு முழுவதும் பள்ளிப் பேருந்தில் ஒரு சம்பவம்கூடப் பதிவாகாத பள்ளிக்கு, 'சம்பவமில்லாப் பள்ளி' என்ற வெள்ளிக் கேடயத்தை வழங்கினார்கள். பந்திங் பக்கத்திலிருந்து வந்திருக்கும் சின்னையா அண்ணன் தம் பள்ளியின் சார்பில் அதைப் பெற்றுக்கொண்டார். இதோ முன்வரிசையில், பிறந்த பிள்ளையைப் போல அதை மடியில் கிடத்தி வைத்திருக்கிறார். வாழ்த்துகள் அண்ணே.

அதன் பிறகு திரையில் மாவட்டத்துப் பள்ளிகளின் வரிசையைக் காட்டினார்கள். முதலிடத்திலிருந்து இறங்கி, இறங்கி, இறங்கி, தரைக்கு வந்தபோது அங்கே ஒரு பெயர் இருந்தது. அதிகமான சம்பவங்களை எழுதி அனுப்பி, கடைசி இடத்தைத் தன்னந்தனியாகக் கைப்பற்றிய பள்ளி எது? எங்கள் பள்ளி. மருதம் தமிழ்ப்பள்ளி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். கடைசி வந்தவர்தான் நன்றியுரை சொல்லவேண்டும் என்று யார் தீர்மானித்தாரோ, அவருக்கு முதல் நன்றி. கடைசி என்றால் கேவலமா? அண்டாவின் அடியில் கிடக்கும் பிரியாணிக்குத்தான் ருசி அதிகம் என்று தெரியாதவர் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் யாராவது உண்டா? நாங்கள் ஏன் கடைசி என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். அதைச் சொன்னால் நன்றியுரை தானாகவே வந்துவிடும்.

எங்கள் பள்ளிக்கு வரும் பேருந்துகளில் ஒன்று ராதாகிருஷ்ணன் அண்ணனுடையது. அவரே முதலாளி, அவரே ஓட்டுநர். கூடவே போய்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர் அவர் மனைவி தனலெட்சுமி அக்கா. பள்ளி வாசலில் பிள்ளைகளோடு அக்காவும் இறங்கிவிடுவார்; எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் அவருக்கு வேலை. அண்ணன் தனியாகப் பேருந்தை ஓட்டிக்கொண்டு ஜெஞ்சாரோம் பக்கம் தம் வீட்டுக்குப் போய், வெட்டவெளியில் வண்டியை நிறுத்திவிட்டு, மதியம் வரை உறங்குவார். நல்ல மனிதர்கள். மழை கொட்டும் நாளில், கடைசிப் பிள்ளை ஏறும்வரை குடை பிடித்துக்கொண்டு நிற்கிறவர் தனலெட்சுமி அக்கா.

ஆனால் அந்த அக்காவிடம் ஒரு வழக்கம். பிள்ளைகளை எண்ணமாட்டார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஐயோ மாதவி, பிள்ளைங்கள தலை தலையா எண்ணக் கூடாதுமா. கண்ணு பட்டுடும்" என்றார்.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள், தாய்மார்களே? உங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான் என்று எனக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணமாட்டோம். தட்டில் உள்ள தோசையை எண்ணமாட்டோம். பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால்கூட, "இருக்காங்க, ஆண்டவன் புண்ணியத்துல" என்போமே தவிர எண்ணிக்கையைச் சொல்லமாட்டோம். அன்பினால் வந்த அச்சம் அது. அதை நான் கேலி செய்யவில்லை.

எண்ணுவதற்குப் பதிலாக அக்கா என்ன செய்வார்? பள்ளி வாசலில் இறங்கி நின்று, "எல்லாம் எறங்கியாச்சா?" என்று உரக்கக் கேட்பார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "ஆச்சு அக்கா" என்பார்கள். கதவு மூடும். வண்டி கிளம்பும்.

இங்கே ஒன்றைக் கேட்கிறேன். உறங்குகிற பிள்ளை எழுந்து, "அக்கா, நான் இன்னும் இறங்கவில்லை" என்று பதில் சொல்லுமா?

கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் நஜ்முதீன் பாய்க்கும் சுலைகா அக்காவுக்கும் ஒரு மகள். பெயர் மெஹ்ரின். ஒன்றாம் ஆண்டு. இதோ, முன்வரிசையின் ஓரத்தில், மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, எனக்குக் கை காட்டுகிறாளே, அவளேதான். கை காட்டம்மா எல்லாருக்கும். இவள் உயரம் எவ்வளவு, இவள் புத்தகப்பையின் உயரம் எவ்வளவு என்று அளந்தால் பைதான் ஜெயிக்கும். அந்தப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, ஒருநாள் காலையில், பேருந்தின் கடைசி இருக்கையில் சுருண்டு படுத்து இவள் உறங்கிவிட்டாள்.

"எல்லாம் எறங்கியாச்சா?" "ஆச்சு அக்கா." கதவு மூடியது. வண்டி கிளம்பியது.

வகுப்பாசிரியர், இன்று மெஹ்ரின் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். உம்மா, மகள் வகுப்பில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். ஓட்டுநர், எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். எல்லாரும் நினைத்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியோ ஜெஞ்சாரோம் போகிறது. அங்கே வெட்டவெளி. மூடிய கண்ணாடி. ஏறப்போகும் வெயில். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காடிக்குள் வைத்துவிட்டு வந்த சாக்லேட் என்ன கதியாகும் என்று நமக்குத் தெரியும். மேலே நான் சொல்லமாட்டேன்.

பயப்படாதீர்கள், பயப்படாதீர்கள். பிள்ளை இதோ எதிரிலேயே இருக்கிறாள். இப்போது ஒரு பிஸ்கட்டையும் பிரித்துவிட்டாள்.

அவளைக் காப்பாற்றியது எது? சட்டமா, திட்டமா, சுற்றறிக்கையா? இல்லை. அவளைக் காப்பாற்றியது ஒரு புருசன் பெண்டாட்டிச் சண்டை.

ஆமாம். அதற்கு முதல்நாள் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஏதோ மனத்தாங்கல். விளைவு, காலையில் அண்ணனுக்கு வீட்டில் பசியாற ஒன்றுமில்லை. என்ன சண்டை என்று நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்; இருவரும் வாய் திறக்க மறுக்கிறார்கள். இதோ இப்போதும் ராதாகிருஷ்ணன் அண்ணன் கூரையைப் பார்க்கிறார், தனலெட்சுமி அக்கா தரையைப் பார்க்கிறார். எதுவாக இருந்தாலும் அந்தச் சண்டைக்கு நான் தலைவணங்குகிறேன். பசித்த வயிறோடு வண்டியை ஓட்டிய அண்ணன், வீட்டுக்குப் போகாமல், வழியில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையின் ஓரம் வண்டியை நிறுத்தினார். ஒரு ரொட்டி சானாய், குடிக்க ஒரு தே தாரிக் சொன்னார். ரொட்டி வந்தது. பிய்த்தார். குழம்பில் தோய்த்தார்.

அப்போது கேட்டது ஒரு ஹார்ன். விட்டு விட்டு அல்ல, விடாமல். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"எவன்டா அது, என் பஸ்ஸு ஹார்ன அடிக்கிறது?" என்று குழம்புக் கையோடு வெளியே ஓடினார் அண்ணன். ஓட்டுநர் இருக்கையில், ஸ்டீயரிங்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. கதவைத் திறந்தார். அந்தக் கண்களுக்குச் சொந்தக்காரி கேட்டாள்:

"அங்கிள், ஸ்கூல் வந்துருச்சா?"

அன்பர்களே, எத்தனையோ வருசமாய் வண்டி ஓட்டும் அந்த மனிதர், அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும், பேருந்துப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு போய், தம் ரொட்டியில் சீனி தூவி ஊட்டினார். பிறகு சுலைகா அக்காவுக்குத் தாமே போன் செய்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். துணி அளக்கும் நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓடி வந்தார் சுலைகா அக்கா. மகளைக் கட்டிக்கொண்டார், அண்ணனைத் திட்டினார், அப்புறம் அவருக்கே நன்றியும் சொன்னார். தாய் மனத்தில் இந்த மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும்.

சரி, பிள்ளை கிடைத்துவிட்டாள். கதை முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் எங்கள் தலைவலி தொடங்கியது.

இந்தச் சம்பவத்தை மாவட்டக் குழுவுக்கு எழுதி அனுப்புவதா, வேண்டாமா? எழுதினால் ராதாகிருஷ்ணன் அண்ணனின் பெர்மிட்டுக்கு ஆபத்து. அந்தப் பேருந்துதான் அவர் சோறு. வேறு நிலமா, நீச்சா? அதோடு, எழுதினால் எங்கள் கேடயமும் போய்விடும். ஆம், அதற்குமுன் இரண்டு முறை சம்பவமில்லாப் பள்ளிக் கேடயத்தை வாங்கிய பள்ளி எங்கள் பள்ளி. மூன்றாவதும் நமக்குத்தான் என்ற நம்பிக்கையில், எங்கள் பொருளாளர் சுகுமாறன், மூன்று தட்டு வைத்துக் கண்ணாடி அலமாரியே செய்துவிட்டார். மூன்றாம் தட்டுக்கு விளக்கும் போட்டாகிவிட்டது. எழுந்து நில்லுங்கள் சுகுமாறன், எல்லாரும் பார்க்கட்டும். பரவாயில்லை, வெட்கப்படுகிறார்.

அன்று மதியமே சிற்றுண்டிச் சாலையில் கூடினோம். முதலில் பேசியவர் சுகுமாறன்தான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல லா. ஆவாத விசயத்த எதுக்கு ரிப்போர்ட்ல எழுதணும்? நாமளே நம்ம ஸ்கூல் பேர கெடுத்துக்கவா?" என்றார்.

பல தலைகள் ஆமாம் என்று ஆடின. பிள்ளையின் தகப்பன் நஜ்முதீன் பாயே எழுந்தார். "ராதா அண்ணன் நல்ல மனுசன். என் பிள்ளையால அவர் பொழப்புல மண்ணு விழ வேணாம். விட்ருவோம்" என்றார். பெற்றவரே சொன்ன பிறகு மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? பெருந்தன்மையான பேச்சு அது. எங்கள் கண்ணெல்லாம் கலங்கியது. அத்தோடு கூட்டம் கலைந்திருக்கும்.

அப்போது சுலைகா அக்கா எழுந்தார். நாடா இன்னும் கழுத்தில் கிடந்தது. அவர் குரலை நீங்கள் கேட்டதில்லை. கடையில் ஒரு சேலைக்கு விலை சொன்னால் எதிர்க்கடையில் தள்ளுபடி போடுவார்கள்.

"எம்புள்ளைக்கு ஹார்ன் எட்டுச்சு" என்றார். "அடிக்கவும் தெரிஞ்சுச்சு. நாளைக்கி வேற பஸ்ஸுல, கை எட்டாத புள்ள ஒண்ணு தூங்கிப் போனா? அந்த டிரைவருக்கு அன்னைக்கிப் பசிக்காம இருந்தா? நாம எழுதாமப் போனா, அவங்களுக்கு எப்டித் தெரியும், பின்னால போயிப் பாக்கணும்னு? ஒங்களுக்குக் கேடயந்தான் வேணும்னா கடைக்கி வாங்க, வெள்ளி ஜரிகையில நானே தச்சுத் தரேன்."

மூலையிலிருந்து ராதாகிருஷ்ணன் அண்ணன் எழுந்தார்.

"எழுதுங்கம்மா. பெர்மிட் போனா லோரி ஓட்டிக்கிறேன். அந்த ஹார்ன் சத்தம் காத விட்டுப் போவ மாட்டேங்குது" என்றார்.

எழுதினோம். அன்றே எழுதினோம். உள்ளது உள்ளபடி எழுதினோம்.

பலன் என்ன? மாவட்டக் குழுவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இதோ மேடையில் அமர்ந்திருக்கும் அம்மையார், நம் புவான்தான். நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம். அவர் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "தெரிமா காசே". சொன்னதற்கு நன்றி என்றார். ஆனால் நன்றியோடு விடவில்லை. விசாரணை முடியும்வரை பேருந்தை இரண்டு வாரம் நிறுத்திவைத்தார். அது நியாயம், நாங்கள் குறை சொல்லவில்லை.

அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு அடங்காது. பிள்ளைகளைத் தகப்பன்மார்களே காடியில் கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் நெரிசல், பாசார்ச் சந்தை வரைக்கும் வரிசை. பேருந்து கொஞ்சம் தாமதித்தால் வாட்சாப்பில் வாள் சுழற்றிய வீரர்கள் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். ஒருவர் தம் மகனை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவன் பையை மட்டும் பத்திரமாகப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். யார் என்று கேட்காதீர்கள். நான்காவது வரிசையில் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

விசாரணை முடிந்தது. அண்ணனின் பெர்மிட் திரும்பி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: ஒவ்வொரு முறையும் பேருந்தின் கடைசி இருக்கை வரை நடந்துபோய்ப் பார்க்கவேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளை எண்ணவேண்டும். எண்ணாமல் வண்டியை எடுத்தால் பெர்மிட் போய்விடும்.

இங்கேதான் தனலெட்சுமி அக்கா அசையமாட்டேன் என்றார். "பின்னால போயிப் பாக்குறேன், குனிஞ்சு பாக்குறேன், தவழ்ந்து வேணாலும் பாக்குறேன். எண்ண மட்டும் சொல்லாதீங்க. ஏற்கெனவே ஒரு கண்ணு பட்டுத்தான் இப்டி ஆச்சு" என்று அழுதார். கணவர் கெஞ்சினார். தலைமையாசிரியர் விளக்கினார். புவானுக்கோ ஒன்றும் புரியவில்லை. எண்ணுவதற்கு எதற்கு அழுகை என்று எங்களைப் பார்த்தார். கண் படுவதை மலாயில் எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அண்ணனின் பிழைப்பு அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

தீர்த்துவைத்தது யார்? மறுபடியும் சுலைகா அக்காதான். தனலெட்சுமி அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, எங்க கடையில துணி எண்ணுறப்ப மொத உருப்படிய ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். லாபம்னுதான் சொல்லுவோம். லாபம், ரெண்டு, மூணுன்னு போவோம். ஒங்க வீட்டுலயும் நெல்லு அளக்குறப்ப அப்டித்தானே சொல்லுவாங்க? ஏறுற மொதப் புள்ளைய லாபம்னு சொல்லுங்க. எந்தக் கண்ணு படும்?"

தனலெட்சுமி அக்கா கண்ணைத் துடைத்தார். யோசித்தார். பிறகு மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: "லாபம்… ரெண்டு… மூணு…"

இன்று எங்கள் பள்ளி வாசலுக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள். "லாபம், ரெண்டு, மூணு" என்று கணீரென்று கேட்கும். லாபம் ஆகவேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் பேருந்து ஏறுமிடத்துக்கு முந்திக்கொண்டு வந்து முதல் ஆளாய் நிற்கிறார்கள். நேரத்துக்குப் படுக்கையைவிட்டு எழாத பிள்ளைகள் எல்லாம் எழுகிறார்கள். எண்ணி முடித்ததும் அக்கா கடைசி இருக்கை வரை போய், கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்.

எழுதிப் பழகிய கை நிற்குமா? நிற்கவில்லை. இருக்கைவார் அறுந்தால் எழுதினோம். பிள்ளைகள் இறங்கும்போது பேருந்தின் இடப்பக்கம் நுழைந்து பறக்கும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதினோம். ஒருமுறை எழுதினோம், மறுமுறை எழுதினோம், மறுபடியும் மறுபடியும் எழுதினோம். குழுவினர் வந்து பார்த்தார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் தெருவோரத்தில் இறங்குவதில்லை; பள்ளி வேலிக்கு உள்ளே இறங்குகிறார்கள். எழுதாமல் இருந்திருந்தால் அந்த வேலி திறந்திருக்குமா? அப்படி எழுதி எழுதித்தான் பெரியோர்களே, நாங்கள் கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

இப்போது குழுவினருக்கு, நான் மிகுந்த பணிவோடு, கொஞ்சம் உரிமையோடும் ஒன்று சொல்கிறேன். தப்பு செய்யாத பிள்ளைக்கு மிட்டாய் என்று அறிவித்துவிட்டு, யார் தப்பு செய்தீர்கள், கை தூக்குங்கள் என்று கேட்டால், எந்தப் பிள்ளை கை தூக்கும்? சம்பவமில்லாத பள்ளிக்குக் கேடயம் என்றால், சம்பவத்தை எந்தப் பள்ளி சொல்லும்?

என் கடைக்குத் தினமும் ஒருவராவது வருவார். "டயரு நல்லாத்தான் இருக்கு பாஸ், காத்து மட்டும் போட்டா போதும்" என்பார். குனிந்து பார்த்தால் கட்டை விரல் நீளத்துக்கு ஆணி இருக்கும். காட்டினால் என் வீட்டுக்காரர்மேல் கோபப்படுவார். ஆணி இருக்கிறது என்று சொன்னவரா டயரைக் குத்தினார்? ஆணியைப் பார்க்காமல் இருந்தால் ஆணி கரைந்து போகுமா? காற்றை மட்டும் அடித்துக்கொண்டு, காராக் மலையில் ஏறிவிடலாமா?

தனலெட்சுமி அக்கா பிள்ளைகளை எண்ணப் பயந்தார். நாம் சம்பவங்களை எண்ணப் பயந்தோம். அவருக்குக் கண் படும் என்ற பயம். நமக்குப் பெயர் கெடும் என்ற பயம். பயம் ஒன்றுதான். அவர் பயத்தை விட்டுவிட்டார். படித்த நாம், பதவியில் உள்ள நாம், பட்டாடை உடுத்தி மேடையில் அமர்ந்திருக்கும் நாம் எப்போது விடப்போகிறோம்? இன்னும் எத்தனை நாளைக்கு ஒரு ரொட்டி சானாயை நம்பி நம் பிள்ளைகளை அனுப்பப்போகிறோம்?

என்ன சின்னையா அண்ணே, எழுந்துவிட்டீர்கள்? கோபமா? இல்லையா? ஏதோ சொல்லவேண்டுமா? யாராவது அவருக்கு மைக் கொடுங்கள். மெதுவாக அண்ணே, கேடயம் விழப்போகிறது. சொல்லுங்கள்.

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "எங்க பஸ்ஸுல பின்கதவு சரியா மூட மாட்டேங்குதுமா. கேடயம் வர்ற வரைக்கும் பேசாம இருப்போம்னு நைலான் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கோம்" என்கிறார்.

யாரும் சிரிக்காதீர்கள். கை தட்டுங்கள். இன்னும் பலமாகத் தட்டுங்கள். வாங்கிய கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டே உண்மையைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். புவான் எழுதிக்கொள்கிறார், பாருங்கள். சிரித்துக்கொண்டே எழுதுகிறார், பயப்படாதீர்கள் அண்ணே. கேடயத்தைத் திருப்பித் தரவேண்டுமா என்றா கேட்கிறீர்கள்? வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். கதவு சரியாகும்வரை முட்டுக்கொடுக்க உதவும்.

அவைத்தலைவர் அவர்களே, அடுத்த ஆண்டு இந்தக் கேடயத்தின் பெயரை மாற்றுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, சொன்னதைச் சரிசெய்த பள்ளிக்குக் கொடுங்கள். எங்கள் அலமாரியின் மூன்றாம் தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் லா, அத பாக்குறப்பலாம் அந்த ஹார்ன் ஞாபகம் வருது" என்றார் சுகுமாறன். கேடயம் கேட்ட அதே சுகுமாறன்தான்.

ஆகவே சொல்லுங்கள், சபையோரே. நடந்தால் சொல்லுங்கள். நடக்க இருந்தாலும் சொல்லுங்கள். நடந்திருக்குமோ என்று நெஞ்சு பதறினாலும் சொல்லுங்கள். அம்பாங்கில் சொன்னால் கிள்ளான் விழித்துக்கொள்ளும். கிள்ளான் சொன்னால் பந்திங் கதவைச் சரிசெய்யும். ஒரு தாய் பதறியது போதும். அதே பதற்றம் இன்னொரு தாய்க்கு வேண்டாம். பிள்ளைகளை எண்ணினால் கண் படாது. எண்ணாமல் விட்டால்தான் கைவிட்டுப் போகும்.

என் வீட்டுக்காரர் இப்போது கடிகாரத்தைக் கழற்றியே காட்டுகிறார். முடித்துவிடுகிறேன்.

மேடை தந்த அவைத்தலைவருக்கும், தண்டிக்க வராமல் திருத்த வந்த புவானுக்கும், எழுதுங்கள் என்று சொல்லத் துணிந்த ராதாகிருஷ்ணன் அண்ணனுக்கும், அழுதுகொண்டே எண்ணக் கற்றுக்கொண்ட தனலெட்சுமி அக்காவுக்கும், நைலான் கயிற்றை அவிழ்த்த சின்னையா அண்ணனுக்கும், அன்று எதற்காகவோ நடந்த அந்தச் சண்டைக்கும், பொறுமையாக அமர்ந்திருந்த உங்கள் பசிக்கும் மருதம் தமிழ்ப்பள்ளியின் சார்பில் நன்றி கூறுகிறேன். வணக்கம்.

அங்கிள், கொஞ்சம் பொறுங்கள். அண்டாவைத் திறக்குமுன் ஒரு விசயம். என் பேச்சு எவ்வளவு விறுவிறுப்பு என்பதற்குச் சாட்சி இதோ முன்வரிசையின் ஓரத்தில் இருக்கிறது. மஞ்சள் கவுன், பாதி பிஸ்கட், வாய் திறந்தபடி மெஹ்ரின் அயர்ந்து உறங்கிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கலைந்து போவீர்கள், விளக்கை அணைப்பார்கள், கதவைப் பூட்டுவார்கள். அதற்குமுன் எண்ணிவிட்டுப் போங்கள். தொடங்குங்கள் தனலெட்சுமி அக்கா, அவளிலிருந்தே தொடங்குங்கள்.

லாபம்.